பதின்மூன்று ஆண்டுக்குப் பின் மீண்டும் பகடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். 2006 முதல் 2012 வரை அமெரிக்காவில் இருந்தபோது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 3.5 பதிப்பை ஒரு நண்பர் குழுவுக்கு நடத்தி வந்தேன். ஊர் திரும்பிய பிறகு வேலை, திருமணம், குழந்தை என்று அது அப்படியே நின்றுபோயிற்று. இப்போது அலுவலக நண்பர்கள் மூவரும் பதின்ம வயதிலுள்ள என் அண்ணன் மகளும் “நீங்கள் நடத்தினால் நாங்கள் ஆடுகிறோம்” என்கிறார்கள். நால்வருமே புதியவர்கள். பழைய புத்தகங்கள் பரணில் இருக்கின்றன. புதிய பதிப்பை வாங்கத்தான் வேண்டுமா? பாதியில் நின்ற பழைய கதையைத் தொடரலாமா? எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. (வாசகர், சென்னை)

பதில்: இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக முதலில் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இது பலகையும் காயும் கட்டாயமில்லாத, பேச்சிலேயே நடக்கும் ஆட்டம். ‘டன்ஜன் மாஸ்டர்’, சுருக்கமாக டிஎம், என்ற பொறுப்பில் அமர்பவர் கதை நடக்கும் உலகத்தையும் அதில் எதிர்ப்படுகிற எல்லாரையும் தம் வாயால் நடத்திச் செல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று ஐயம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் ஆயிரம் படிகள் மட்டுமே அச்சிட்டு வெளிக்கொண்டுவந்தது இது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஆடிய 3.5 பதிப்பு 2003இல் வந்தது. அதன்பின் 2008இல் நான்காம் பதிப்பும், 2014இல் ஐந்தாம் பதிப்பும், 2024இல் அந்த ஐந்தாம் பதிப்பின் திருத்திய வடிவமும் வந்துவிட்டன. உங்களோடு ஆடப் போகிறவர்கள் 3.5 தெரிந்த பழைய ஆட்களாக இருந்தால் பரணிலிருந்து புத்தகத்தை இறக்கித் தூசி தட்டுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நால்வரும் புதியவர்கள் என்கிறீர்கள். அவர்களுக்கு ஐந்தாம் பதிப்பே ஏற்றது, ஏனென்றால் ஐயம் வந்தால் அவர்களே தேடிப் படித்துக்கொள்ள இன்று கிடைப்பதில் பெரும்பகுதி அந்தப் பதிப்பைப் பற்றியதுதான். எல்லாவற்றையும் உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உடனே காசு செலவழிக்கவும் தேவையில்லை. ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டியின் 5.1 வடிவத்தை அதை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே 2023 ஜனவரியில், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. திருத்திய விதிகளைக் கொண்ட 5.2 வடிவமும் 2025இல் அவ்வாறே வந்தது. வீரர், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு பாத்திர வகுப்புக்கும் ஒரே ஓர் உட்பிரிவுதான் அதில் உண்டு என்பது உண்மை. முதல் மூன்று மாதத்துக்கு அதுவே தாராளம். அதற்குப் பிறகும் குழு கலையாமல் இருந்தால் புத்தகம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

புதிய விதிகளைக் கற்பது உங்களுக்குக் கடினமாக இராது. கடினமானது, பழைய விதி நாக்கில் தயாராக நிற்பதுதான். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஐந்தாம் பதிப்பை நடத்த உட்கார்ந்த முதல் மாலையில், குள்ளர் இனத்து வீராங்கனையாக ஆடிய ஒரு பெண், எதிரே நின்ற காப்ளின் என்ற குட்டிப் பூதத்தைக் காட்டி, “அந்தக் காப்ளினின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறேன்” என்றார். அழகான கணம் அது. நானோ சற்றும் யோசிக்காமல், “நீங்கள் நெருங்கும்போதே அது உங்களை ஒரு வெட்டு வெட்டும், அதைத் தாண்டினால் தொடுதாக்குக்கு உருட்டுங்கள், அப்புறம் உடல் அளவுக்கான கூட்டல் கழித்தல்” என்று 3.5இன் விதியை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் தம் பாத்திரக் குறிப்புத் தாளில் அந்த எண்களைத் தேடினார்; அப்படி ஓர் எண்ணே அந்தத் தாளில் இல்லை. தவறு உறைத்ததும் சரியான விதியைக் கண்டுபிடித்தே தீருவது என்று புத்தகத்தைப் புரட்டினேன். பதினோரு நிமிடம். தட்டிலிருந்த வடை தீர்ந்தது, ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார், காப்ளின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

விதி என்னவோ ஒற்றை வரிதான். 2014 பதிப்பில், பிடிப்பவர் ‘அத்லெடிக்ஸ்’ திறனில் உருட்ட, பிடிபடுபவர் அதே திறனிலோ ‘அக்ரோபாடிக்ஸ்’ திறனிலோ எதிர்த்து உருட்ட வேண்டும். 2024 திருத்தத்தில் இந்த எதிர் உருட்டலும் போய்விட்டது: எட்டோடு, பிடிப்பவரின் தாளில் உள்ள வலிமைக் கூட்டெண்ணையும் தேர்ச்சிக் கூட்டெண்ணையும் சேர்த்து வரும் எண்ணை, பிடிபடுபவர் தம் வலிமையாலோ லாகவத்தாலோ ‘சேவிங் த்ரோ’ என்ற தப்பிப்பு உருட்டலில் எட்டினால் தப்பிக்கலாம். அன்று இது எனக்குத் தெரியாதது பிழையில்லை. தெரியாதபோது, “இருவரும் உருட்டுங்கள், கூடுதலாக வருபவர் வென்றார்” என்று அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லாமல், இரவு வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய விதியை அங்கேயே தேடியதுதான் பிழை.

3.5இலிருந்து வருகிறவர்களின் காலை வாரும் இடங்கள் இன்னும் சில உண்டு. அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் எதிரியின் அருகில் நின்று மந்திரம் சொன்னாலும், அம்பு எய்தாலும், மருந்துக் குப்பியைத் திறந்தாலும், எதிரி தன் முறைக்குக் காத்திராமல் வெட்டும் இடைவெட்டு விழும். இப்போது எதிரியின் எட்டுதூரத்தை விட்டு விலகும்போது மட்டுமே விழும். இடத்துக்கு ஒன்று, துணைக்கு ஒன்று, ஆசிக்கு ஒன்று என்று கூட்டெண்களை அடுக்கிக்கொண்டே போன வழக்கத்தின் பெரும்பகுதி ஒழிந்து, ‘அட்வான்டேஜ்’ என்ற ஒன்று வந்திருக்கிறது; இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மனத்தை ஒருமுகப்படுத்தி நீடிக்க வைக்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். நீண்ட ஓய்வு எடுத்தால் இழந்த உயிர்ப்புள்ளி முழுவதும் திரும்பிவிடும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே ஆறு மாதம் ஆயிற்று, 3.5இல் ஓரிரவு தூங்கினால் பாத்திரம் ஏறியிருக்கும் அனுபவப் படிக்கு, அதாவது நிலைக்கு, ஒரு புள்ளிதானே கிடைக்கும்!

எனினும் முதல் நிலைப் பாத்திரங்கள் அன்றுபோலவே இன்றும் அற்ப ஆயுளே. 2014 விதிப்படி நான்கு முதல்நிலை வீரர்களுக்கு எதிராக வெறும் நான்கு காப்ளின்களை நிறுத்தினாலே சண்டையின் கடுமைக் கணக்கு ‘உயிருக்கு ஆபத்து’ என்ற கடைசிப் படியைத் தொட்டுவிடுகிறது. மூன்றை நிறுத்துங்கள். உங்கள் அண்ணன் மகள் ஆசை ஆசையாய்ப் பெயர் சூட்டிய மந்திரவாதினி முதல் அரைமணியில் செத்தால் அடுத்த சனிக்கிழமை அவள் வரமாட்டாள்.

பழைய கதையைத் தொடர வேண்டாம். அந்தக் கதை உங்களுடையது மட்டுமன்று, அன்று உடன் ஆடியவர்களுடையதும்கூட. அவர்கள் செய்த துரோகமும் தியாகமும் நிறைந்த உலகத்துக்குள் இந்த நால்வரையும் அழைத்துச் சென்றால், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவர்கள்போல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பழைய நோட்டிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரே ஓர் ஊரையோ ஆளையோ எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை மூடி வையுங்கள்.

நெடுங்கதை எதையும் அறிவிக்கவும் வேண்டாம். “மூன்று சனிக்கிழமை, மாலை நான்கிலிருந்து ஏழு வரை, மூன்றாவது வாரம் கதை முடிந்துவிடும்” என்று சொல்லி அழையுங்கள். முடிவு தெரிந்த ஒன்றுக்கு நேரம் ஒதுக்குவது எல்லாருக்கும் எளிது. பிடிக்காதவர்கள் கௌரவமாக விலகவும் அது இடங்கொடுக்கும். முதல் நாள் பாத்திரங்களை உருவாக்கும்போதே, கதையில் எது வேண்டாம் என்பதையும் பேசிவிடுங்கள். பதின்ம வயதுப் பெண் இருக்கிற மேசையில் இது சம்பிரதாயப் பேச்சன்று. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘எக்ஸ் அட்டை’ இதற்குத் துணை செய்யும். எக்ஸ் என்று எழுதிய அட்டையொன்று மேசை நடுவில் கிடக்கும். யார் தொட்டாலும் காரணம் கேளாமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும்.

தயாரிப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். ஓர் இடம், தமக்கென்று ஓர் ஆசை உள்ள மூன்று பேர், ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் தானாகவே நடக்கப்போகிற ஒரு விபரீதம், இவ்வளவு இருந்தால் ஒரு மாலை ஓடிவிடும். நான் புதியவர்களுக்கு நடத்துகிற கதை இது: மலைக் கணவாயில் ஒரு சுங்கச்சாவடி. அதைக் காப்ளின்கள் பிடித்துக்கொண்டுவிட்டன, மீட்டுத் தந்தால் இருபது பொன் என்று அடிவார ஊரின் மணியக்காரர் ஆள் சேர்க்கிறார். போய்ப் பார்த்தால் காப்ளின்கள் கொள்ளையடிக்கவில்லை. வண்டிக்கு இத்தனை என்று வரி வாங்கி, ஓலையில் கீறி ரசீதும் கொடுக்கின்றன. மணியக்காரர் வாங்கியதில் பாதிதான் வாங்குகின்றன. வணிகர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் மூன்றாம் நாள் அரசரின் கணக்கர் வரவிருக்கிறார். அதற்குள் பழைய கணக்குச் சுவடி எரிந்தாக வேண்டும் என்பது மணியக்காரரின் கவலை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முடிவை நான் எழுதி வைப்பதே இல்லை. ஒரு குழு காப்ளின்களை விரட்டியது. இன்னொரு குழு மணியக்காரரைக் கட்டி இழுத்து வந்தது. மூன்றாவது குழு சாவடியிலேயே கணக்குப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்துகொண்டது.

கேள்வி: எங்கள் பழைய குழுவை இணையவழியில் மறுபடி கூட்ட முயல்கிறேன். ஒருவர் சியாட்டிலில், ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர்கள் இந்தியாவில். எட்டுப் பேருக்கும் விருப்பம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் யாரேனும் ஒருவர் கடைசி நேரத்தில் வர இயலவில்லை என்பதால் ஆட்டம் தள்ளிப்போகிறது. நான்கு மாதத்தில் இரண்டு முறைதான் ஆடியிருக்கிறோம். (வாசகர், பெங்களூரு)

பதில்: நேரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்திய நேரம் சனிக்கிழமை காலை எட்டு மணி என்பது சிங்கப்பூரில் பத்தரை. சியாட்டிலில் கோடையில் வெள்ளி இரவு ஏழரை, நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஆறரை. யாரும் தூக்கம் கெடாமல் ஆடக்கூடிய வேளை அது. அதை நிலையாக வைத்துக்கொண்டு, வாராவாரம் “எப்போது வசதி?” என்று கேட்பதை அடியோடு நிறுத்துங்கள். அந்தக் கேள்விதான் குழுக்களைக் கொல்கிறது.

அடுத்து, எல்லாரும் வந்தால்தான் ஆட்டம் என்ற எண்ணத்தை விடுங்கள். 1974இன் முதல் கையேட்டிலேயே, ஒரே தொடர் ஆட்டத்தில் நான்கு முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்றுதான் எழுதியிருந்தது. ஐம்பது பேரும் ஒரே இரவில் ஒரே மேசையைச் சுற்றி அமர்வார்கள் என்று அதற்குப் பொருளில்லை. அன்றைக்கு யார் வந்தார்களோ அவர்கள் பாதாளத்துக்குள் இறங்கினார்கள், இருட்டுவதற்குள் ஏறி வந்தார்கள். ஒரே குழு, ஒரே தொடர்கதை, ஒருவர் வராவிட்டால் எல்லாம் நிற்கும் என்ற ஏற்பாடு பிற்பாடு வலுத்த பழக்கம். பென் ராபின்ஸ் என்ற ஆட்ட நடத்துநர் பழைய முறைக்கே புது உயிர் கொடுத்து ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்ற பெயரில் நடத்திக் காட்டியிருக்கிறார். எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை ஊர். அங்கிருந்து புறப்படுவதும் அன்றே அங்கு திரும்புவதும் கட்டாயம். எங்கே போவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்வார்கள். எட்டுப் பேரில் மூன்று பேர் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஆட்டம் தள்ளிப்போகவே போகாது. வராதவரின் பாத்திரம் ஊரில் காய்ச்சலோடு படுத்திருக்கட்டும்.

முந்தைய பயணத்தில் நடந்ததை, போய் வந்தவர்களில் ஒருவர் பத்து வரியில் மற்றவர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதை நீங்கள் எழுதாதீர்கள். நடத்துவதே பெரும் வேலை. மேலும் அவர்கள் எழுதும்போதுதான் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ‘ரோல்20’ போன்ற இணையமேசைகள் 2012 முதலே இருக்கின்றன. வரைபடம் விரித்துக் காய் நகர்த்த அவை வசதியானவை. ஆனால் திரும்பி வருகிற முதல் சில வாரங்களில் குரல் மட்டும் போதும். வரைபடம் ஏற்றுவதிலேயே ஒரு மாலையைத் தொலைத்த நடத்துநர்களை எனக்குத் தெரியும். திரையில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

கேள்வி: நான் கல்லூரியில் ஆங்கிலத்தில் நடத்தியவன். இப்போது சேர்ந்திருப்பவர்கள் தமிழில் ஆட விரும்புகிறார்கள். ஆனால் தமிழில் வாயைத் திறந்தாலே பழைய சரித்திர நாடகம்போல் ஒலிக்கிறது, எல்லாரும் சிரித்துவிடுகிறோம். என்ன செய்வது? (வாசகர், திருச்சி)

பதில்: சிரித்துவிட்டுப் போங்கள், முதல் நாள் மட்டும். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது மொழியில் அன்று, நடையில். ஆங்கில ஆட்டப் புத்தகங்கள் பழைய காலத்தைக் காட்டச் சற்றே விறைப்பான நடையில் எழுதப்பட்டவை. அந்த விறைப்பைத் தமிழாக்கப் போனால் “யாரங்கே” என்ற தொனி தானாக வந்துவிடுகிறது. விவரிப்பை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். “முன்னாடி ஒரு கதவு இருக்கு. கீழ்ப்பக்கம் ஈரம். உள்ளே யாரோ இருமுறாங்க” என்பதில் நாடகத்தனம் எதுவும் இல்லை, இருமியது யார் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

தமிழில் நடத்துவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கிழவனும் அரசனும் திருடனும் ஆட்டக்காரரைப் பார்த்து ‘யூ’ என்ற ஒரே சொல்லால்தான் பேசுவார்கள். ஆள் வேறுபாட்டைக் காட்டக் குரலை மாற்றியாக வேண்டும். குரலை மாற்றத் தெரியாத என் போன்றவர்களுக்கு அது பெரும் பாடு. தமிழிலோ வாயைத் திறந்ததுமே ‘வா’வா, ‘வாங்க’வா, ‘வாருங்கள்’ஆ என்று தேர்ந்தெடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு சொல்லில் அவன் யார், எதிரில் நிற்பவரை எவ்வளவு மதிக்கிறான், எதை மறைக்கிறான் என்பதெல்லாம் வந்துவிடும். ஒருமுறை சத்திரக்காரியாக நான் பேசிக்கொண்டிருந்தேன். அதுவரை எல்லாரையும் ‘தம்பி’, ‘கண்ணு’ என்றவள், திருடனாக ஆடியவரை மட்டும் “நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டாள். நான் திட்டமிட்டுச் செய்ததில்லை, வாய் தவறியதுதான். அந்த ஆட்டக்காரரோ உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, “இவளுக்கு என்னை முன்னமே தெரியும்!” என்றார். அடுத்த இரண்டு வாரத்துக்கான கதை எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

விதிச் சொற்களை மொழிபெயர்க்க முயல வேண்டாம். ‘அட்வான்டேஜ்ல உருட்டுங்க’ என்பதே மேசையில் விளங்கும். தாளில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று என்றால் புதியவர்கள் குழம்புவார்கள். பெயர்களில் மட்டும் சற்றுக் கவனம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு எல்ஃப் என்ற கற்பனை இனத்தின் மொழிப் பெயரும் மீதிப் பேருக்கு முருகேசன், செல்வி என்றும் இருந்தால் கதையின் உலகம் ஒட்டி நிற்காது. இரண்டில் ஒன்றை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பல ஆண்டுக்குப் பிறகு, எங்கள் குடியிருப்பில் உள்ள பிள்ளைகள் நால்வருக்கு மீண்டும் நடத்தத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பையனின் பாட்டி, வீட்டில் பகடை உருட்டுவது ஆகாது, குடும்பத்துக்குக் கேடு என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவன் வரவில்லை. (வாசகி, மதுரை)

பதில்: பகடை என்றதும் சகுனி நினைவுக்கு வருகிற ஊரில் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாதிட்டு வெல்லப் பார்க்காதீர்கள். ஒரு நாள் அவரையே அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பணம் வைப்பதில்லை, தோற்பவர் ஜெயிப்பவர் என்று யாரும் இல்லை, பிள்ளைகள் கூடிப் பேசி ஒரு கதையைத்தான் நடத்துகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும். பாதிப் பாட்டிகள் அடுத்த வாரம் கதை என்னவாயிற்று என்று கேட்பார்கள்.

அதன் பிறகும் பகடை மட்டும் ஆகாது என்றால் பகடையை விட்டுவிடுங்கள், ஆட்டத்தை விட வேண்டாம். 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அன்று இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனமே தன் தொடக்கநிலைப் பெட்டிகளில் பகடைக்குப் பதில் எண்ணிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றிருக்கிறது. நீங்கள் ஒரே அளவான புளியங்கொட்டை இருபதைப் பொறுக்கி, ஒன்று முதல் இருபது வரை எழுதி, சுருக்குப் பையில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த கொட்டையை உடனுக்குடன் பைக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கணக்கு மாறிவிடும். அட்வான்டேஜுக்கு இரண்டு முறை எடுக்கும்போதும் முதல் கொட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் திரும்பப் போட்டுக் குலுக்கிய பிறகே இரண்டாவதை எடுக்க வேண்டும்.